ஓரிரவு தங்கும் இடம் யாருடையது?



பாடசாலை விடுமுறை வந்தால் நமது குடும்பங்களில் முன்பெல்லாம் இரண்டே திட்டங்கள்தான் இருக்கும். ஒன்று ஊருக்குப் போவது, மற்றையது ஊரிலிருந்து வருபவர்களை வரவேற்பது. இப்பொழுது மூன்றாவது ஒன்றும் சேர்ந்திருக்கிறது. படுக்கை, அடுப்பு, குளிர்சாதனப் பெட்டி, மலசலகூடம் எல்லாம் அடங்கிய மோட்டார்ஹோம் ஒன்றை வாடகைக்கு எடுத்து, அப்பம்மா முதல் கைக்குழந்தை வரை எல்லோரையும் ஏற்றிக்கொண்டு, இந்த அகன்ற அவுஸ்திரேலியாவை ஒரு கரையிலிருந்து மறு கரை வரை பார்த்து வருவதே அது. சோறும் பருப்பும் வழியிலேயே சமைக்கலாம். மரக்கறி உணவுக்காக அலைய வேண்டியதில்லை. காலையில் விளக்கேற்றித் தேவாரம் பாடிவிட்டுப் புறப்படலாம். நல்ல வழக்கம்தான்.

இந்தப் பயணங்களில் பிற்பகல் மூன்று மணி தாண்டியதும் வண்டிக்குள் ஒரு கேள்வி எழும். “இண்டைக்கு இரவு எங்கை தங்கிறது?” வரைபடம் வைத்திருப்பவர் ஒன்று சொல்வார். கைத்தொலைபேசியில் விக்கிகாம்ப்ஸைப் பார்ப்பவர் வேறொன்று சொல்வார். காசு கட்டும் கரவன் பார்க்கா, சிற்றூரின் கண்காட்சி மைதானமா, தேசியப் பூங்காவா, அல்லது நெடுஞ்சாலை ஓரத்து ஓய்விடமா? இது வசதி பற்றிய கேள்வியாகவே நமக்குத் தோன்றுகிறது. ஆனால் சற்றுச் சிந்தித்தால் இதனுள் ஓர் அறக் கேள்வியும் அடங்கியிருப்பது தெரியவரும். எனக்கு உரித்தில்லாத ஓர் இடத்தில், என்னை அறியாத மனிதர் நடுவே, ஓர் இரவு தலை சாய்க்கிறேன். அங்கே எனக்கு என்ன உரிமை? யாருக்கு நான் கடமைப்பட்டவன்? இதனைப் பற்றியே இக்கட்டுரையில் சிறிது ஆராய விரும்புகிறேன்.

நீண்ட பாதையும் நெருங்கும் மாலையும்

ஓர் உதாரணமாக நலாபோர் சமவெளிப் பாதையை எடுத்துக்கொள்வோம். மேற்கு அவுஸ்திரேலியாவின் நோர்ஸ்மனிலிருந்து தென் அவுஸ்திரேலியாவின் செடூனா வரை ஏறத்தாழ 1200 கிலோமீற்றர். எயர் நெடுஞ்சாலை எனப்படும் இந்தப் பாதை முழுவதற்கும் தார் போட்டு முடிந்தது 1976இல்தான். பலடோனியாவுக்கும் கைகூனாவுக்கும் இடையே 146.6 கிலோமீற்றர் தூரம் ஒரு வளைவுகூட இன்றிப் பாதை நேராகச் செல்கிறது. நலாபோர் என்ற பெயரே ‘மரம் இல்லை’ எனப் பொருள்படும் இலத்தீன் சொற்களிலிருந்து ஆக்கப்பட்டது. எரிபொருள் நிலையங்கள் வெகு தூரத்துக்கு ஒன்றாகவே இருக்கும். நன்னீர் மிக அரிது.

சூரியன் சாயும் வேளையில் கங்காருவும் வொம்பற்றும் ஒட்டகமும் பாதைக்கு வரும். ஆகையால் இருட்டுமுன் வண்டியை நிறுத்திவிட வேண்டும். ஊருக்கு வெளியே இரவில் ஓட்டக்கூடாது என்று பல வாடகை நிறுவனங்கள் ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுகின்றன. போதாக்குறைக்கு, யூக்லாப் பக்கத்துச் சிற்றூர்கள் பேர்த் நேரத்தைவிட 45 நிமிடம் முந்திய தனி நேரம் ஒன்றை வைத்திருக்கின்றன. இருள் எத்தனை மணிக்கு விழும் என்பதிலேயே குழப்பம் வந்துவிடும்.

இப்படிப்பட்ட பாதையில் ஓய்விடம் என்பது உயிர் காக்கும் ஏற்பாடு. மேற்கு அவுஸ்திரேலியாவில் 1997ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகள், வேறு அறிவித்தல் இல்லாத சாலையோர ஓய்விடங்களில் 24 மணி நேரம் வரை தங்க இடமளிக்கின்றன. பிற மாநிலங்களில் விதிகள் இடத்துக்கு இடம் மாறும். ஒரு மேசை, இரண்டு வாங்கு, ஒரு குப்பைத் தொட்டி, சில இடங்களில் ஒரு மலசலகூடம். அவ்வளவுதான். வாசலில் நின்று வரவேற்பவர் ஒருவரும் இல்லை. போகும்போது வழியனுப்புபவரும் இல்லை.

உரிமையா, விலையா, கொடையா?

“அங்கே தங்க எனக்கு என்ன உரிமை?” என்று கேட்டால் சாதாரணமாக இரண்டு பதில்கள் வரும்.

முதலாவது பதில், “நாங்களும் வரி கட்டுகிறோம்” என்பது. உண்மைதான். ஆனால் நமக்குப் பின்னால் வரும் வண்டிக்காரரும் வரி கட்டுகிறார். எல்லோருக்கும் சமமாக உள்ள உரிமை, நமக்குள் யார் விட்டுக்கொடுப்பது என்ற கேள்விக்கு விடை தராது. இருவருக்கும் ஒரே உரிமை, இடமோ ஒன்றுதான் எனும்போது உரிமைப் பேச்சு அங்கேயே நின்றுவிடுகிறது.

இரண்டாவது பதில், “நான் காசு கொடுத்தேன்” என்பது. கரவன் பார்க்கில் நாம் கொடுக்கும் காசு மின்சாரத்துக்கும் தண்ணீருக்கும் ஆனது. பக்கத்து வண்டிக்காரர் இரவு பத்து மணிக்கு வானொலியை அணைத்தாரே, அதற்கு யார் விலை போட்டார்கள்? முந்திய நாள் தங்கியவர் உடைந்த போத்தலைப் பொறுக்கி எடுத்துப் போனபடியால் நமது பிள்ளை வெறுங்காலோடு ஓடித் திரிகிறதே, அது எந்தப் பற்றுச்சீட்டில் இருக்கிறது? நல்ல தங்கலின் பெரும்பகுதி விலைக்கு வராத பொருள். அது முன்னால் வந்தவர்கள் நமக்கு விட்டுச்சென்ற கொடை.

விருந்து என்ற தமிழ்ச் சொல்லுக்குப் புதுமை என்பதே பழைய பொருள். புதிதாய் வந்தவர் விருந்தினர். திருவள்ளுவர் இல்லறத்தான் கடமைகளுள் ஒன்றாக இதனை வைத்து, ஒன்பதாம் அதிகாரம் முழுவதையும் இதற்கே ஒதுக்கினார். அங்கே விருந்தினரும் விருந்தோம்புபவரும் முகம் பார்த்து நிற்கிறார்கள். ஓய்விடத்திலோ விருந்தினர் மட்டுமே இருக்கிறார். விருந்தோம்புபவர் எங்கே?

நேற்றிரவு அங்கே தங்கியவர்தான் இன்று நமக்கு விருந்தோம்புபவர் என்பது என் கருத்து. அவர் போய்விட்டார். அவர் முகத்தை நாம் காணப்போவதில்லை. ஆனால் அவர் விட்டுச்சென்ற நிலையில்தான் அந்த இடம் நம்மை ஏற்றுக்கொள்கிறது. அப்படியானால் நாளை காலை நாம் புறப்படும் கணத்தில், இன்றிரவு வரப்போகும் யாரோ ஒருவருக்கு நாம் விருந்தோம்புபவர் ஆகிறோம். மாலையில் விருந்தினராக வந்து காலையில் வீட்டுக்காரராகப் புறப்படுகிறோம். ஓரிரவுத் தங்கலின் அறம் முழுவதும் இதில் அடங்கும் என்று சொல்லலாம்.

“இது வெறும் மரியாதைதானே, இதற்கு ஏன் அறம் என்ற பெரிய சொல்?” என்று யாரும் கேட்கலாம். மரியாதை என்பது முகத்துக்கு முகம் நடப்பது. பக்கத்து வீட்டாருக்கு முன்னால் குப்பை போட நமக்கு வெட்கமாக இருக்கும். நாளை வருபவர் நம்மைக் காணமாட்டார், நமது பெயரை அறியமாட்டார், நம்மீது முறையிடவும் மாட்டார். வெட்கம் அங்கே வேலை செய்யாது. வெட்கம் முடிகின்ற அந்த இடத்தில்தான் அறம் தேவைப்படுகிறது.

லொறிக்காரரின் தூக்கம்

இதில் விளையாட்டல்லாத ஒரு பக்கம் உண்டு. நெடுஞ்சாலை ஓய்விடங்கள் சுற்றுலாப் பயணிகளுக்காக மட்டும் அமைந்தவை அல்ல. இரட்டை இழுவைகளுடன் 36 மீற்றருக்கும் மேல் நீளும் ரோட் ட்ரெயின்கள் இந்தப் பாதையில் ஓடுகின்றன. நமது கடைகளுக்கு வரும் அரிசியும் மாவும் இப்படிப்பட்ட லொறிகளில்தான் வருகின்றன. மேற்கு அவுஸ்திரேலியாவும் வட பிரதேசமும் தவிர்ந்த ஏனைய பகுதிகளில் 2014இல் நடைமுறைக்கு வந்த கனரக வாகனச் சட்டத்தின் வழமையான விதிகளின்படி, தனியாக ஓட்டும் சாரதி 24 மணி நேரத்தில் 12 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யலாகாது. தொடர்ச்சியாக 7 மணி நேரம் வண்டியை நிறுத்தி ஓய்வெடுக்கவும் வேண்டும்.

இரவு ஒன்பது மணிக்கு அப்படி ஒரு சாரதி தனது நேரம் முடியும் தறுவாயில் வருகிறார். லொறிகளுக்கென அகலமாக அமைக்கப்பட்ட தரிப்பிடத்தில் மூன்று கரவன்களும் ஒரு மோட்டார்ஹோமும் பிள்ளைகளின் சைக்கிள்களும் பரவிக் கிடக்கின்றன. அவர் என்ன செய்வார்? நமது வண்டி நுழையும் மூலையில் அவரது லொறி நுழையாது. ஒன்றில் சட்டத்தை மீறி அடுத்த ஓய்விடம் வரை ஓட வேண்டும், அல்லது கண் சொருகச் சொருக ஓட்ட வேண்டும். அந்த லொறி மறுபக்கமாக வரும் எந்தக் குடும்பத்தின் வண்டியைச் சந்திக்கும் என்பதை யார் அறிவார்?

முதலில் வந்தவருக்கே இடம் என்பது நல்ல விதிதான். தேவை சமமாக உள்ளவர்களுக்கு இடையில் அது நியாயமானது. தேவை சமமில்லாதபோது அது நியாயம்போலத் தோன்றும் அநியாயம். மாலை நான்கு மணிக்கே வந்து சேர நமக்கு முடிகிறது, ஏனெனில் நாம் விடுமுறையில் இருக்கிறோம். அவருக்கு முடியாது, ஏனெனில் அவர் உழைத்துக்கொண்டிருக்கிறார். நேரத்தோடு வந்து சேர்ந்தது நமது தகுதியல்ல, நமக்குக் கிடைத்த வசதி.

இதற்கு ஒரு விலக்கும் சொல்ல வேண்டும். நமது வண்டியை ஓட்டுபவருக்கே தூக்கம் கண்ணைக் கட்டுகிறதென்றால், கண்ட இடத்தில் நிறுத்தத்தான் வேண்டும். உயிருக்குமேல் விதி இல்லை. ஆனால் அப்போதும் லொறிகள் நுழையும் பக்கத்தை விட்டு ஓரமாய் நிறுத்தலாம், கண் தெளிந்ததும் புறப்பட்டுவிடலாம்.

திருக்கோவலூர் இடைகழி

இடம் போதாமை பற்றி நமது மரபில் ஓர் அருமையான வரலாறு உண்டு. முதலாழ்வார்கள் மூவரும் ஒருவரையொருவர் அறியாதவர்கள். ஓர் இரவு திருக்கோவலூரில் பெருமழை. பொய்கையாழ்வார் ஒரு சிறிய இடைகழியில் ஒதுங்கிப் படுத்திருந்தார். பூதத்தாழ்வார் வந்து இடம் கேட்டார். ஒருவர் படுக்கும் இடத்தில் இருவர் இருக்கலாம் என்று எழுந்து உட்கார்ந்தார் முதல்வர். பின்னர் பேயாழ்வார் வந்தார். இருவர் இருக்கும் இடத்தில் மூவர் நிற்கலாம் என்று இருவரும் எழுந்து நின்றனர். நின்ற மூவருக்கும் நடுவே நான்காவதாக ஒருவர் வந்து நெருக்குவதை அவர்கள் உணர்ந்தனர். அவர் திருமாலே என வைணவப் பெரியோர் கூறுவர்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. முதலில் வந்தவர், “நான் முந்தி வந்துவிட்டேன்” என்று சொல்லியிருந்தால் யாரும் அவரைக் குறைகூற முடியாது. இடம் அவருடையதும் அல்ல, அவருக்குப் பின் வந்தவருடையதும் அல்ல. ஆயினும் அவர் எழுந்து உட்கார்ந்தார். ஒவ்வொருவர் வரும்போதும் உள்ளே இருந்தவருக்கு வசதி குறைந்தது. தூக்கம் போயிற்று, பிறகு இருக்கையும் போயிற்று. ஆனால் அந்த நெருக்கத்தில்தான் இறைவன் வந்து சேர்ந்தான். படுத்திருந்தவர் படுத்தபடியே இருந்திருந்தால் அன்றிரவு அவருக்கு நல்ல உறக்கம் மட்டுமே கிடைத்திருக்கும்.

பின்னேரம் ஓய்விடத்தில் வண்டியை நிறுத்தி, பந்தலை விரித்து, கதிரைகளைச் சுற்றிப் போட்டு, இரண்டு வண்டிகளுக்குரிய இடத்தை நாம் நிரப்பிவிடுகிறோம். இருட்டிய பின் ஒரு வண்டியின் விளக்கு மெதுவாக ஊர்ந்து வந்து இடம் தேடுகிறது. நாம் திரையை இழுத்து மூடிக்கொள்கிறோமா, அல்லது வெளியே இறங்கி நான்கு கதிரைகளை மடக்குகிறோமா? ஆழ்வார்கள் நிற்க வேண்டியிருந்தது. நாம் கதிரையை மடக்கினாலே போதும்.

ஒருவரும் பார்க்காத காசுப் பெட்டி

சில சிற்றூர்களிலும் பண்ணைகளிலும் தங்கும் இடத்தின் வாசலில் ஓர் இரும்புப் பெட்டி இருக்கும். சிறு தொகையை உறையில் இட்டு அதில் போட வேண்டும். வாங்குவதற்கு ஆள் இல்லை, சரிபார்ப்பதற்கும் ஆள் இல்லை. பயணிகளின் நேர்மையை நம்பி வைத்த பெட்டி அது.

ஒரு பிள்ளை தகப்பனிடம் கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். “அப்பா, ஒருத்தரும் பார்க்கேல்லைத்தானே, காசு போடாட்டி என்ன?” நம்மில் பலர் சொல்லும் பதில், “கடவுள் பார்த்துக்கொண்டிருக்கிறார் பிள்ளை” என்பது. தவறான பதில் அல்ல. ஆனால் அது போதுமா? இறைவனை ஒரு கண்காணிப்புக் கமராவாக்கிப் பிள்ளைக்கு அறிமுகம் செய்தால், ஒரு நாள் அந்தக் கமரா வேலை செய்யவில்லை என்று பிள்ளை நினைக்கத் தொடங்கும். அதன்பின் பெட்டியில் காசு விழாது.

தகப்பன் இப்படியும் சொல்லலாம். “நேற்று நிண்டவை போட்டபடியால்தான் இண்டைக்கு நாங்கள் நிற்க இந்த இடம் இருக்குது அம்மா. நாளைக்கு வாற ஆக்களுக்கு நாங்கள் போட வேணும்.” இதில் பயம் இல்லை. நன்றியும் பொறுப்புமே இருக்கின்றன. இறைவன் எல்லா உயிரிலும் நிறைந்திருக்கிறான் என்பது நமது சமயத்தின் அடிப்படை. அப்படியானால் நாளை வரும் முகமறியாதவருக்குச் செய்வது அவனுக்கே செய்வதாகும். பார்ப்பவனாக மட்டுமன்றிப் பெறுபவனாகவும் அவன் அங்கே இருக்கிறான்.

“ஒரு குடும்பத்தின் பத்து டொலரால் ஒன்றும் குறையாது” என்று கணக்குச் சொல்பவர்கள் உண்டு. கணக்கு சரி. ஆனால் அதே கணக்கு எல்லா வண்டிக்காரருக்கும் பொருந்தும். எல்லோரும் அப்படி நினைத்தால் பெட்டி வெறுமையாகும், பின்னர் வாசலில் சங்கிலி விழும். சங்கிலி விழாது என்றே வைத்துக்கொண்டாலும், மற்றவர்கள் கொடுத்ததில் நாம் ஓசியில் தங்கினோம் என்பது மாறாது. கொடுக்க வசதியில்லாதவர் அப்படித் தங்கினால் அது அவருக்குக் கிடைத்த தர்மம். வசதி உள்ளவர் அப்படித் தங்கினால் அந்தத் தர்மத்தில் கை வைத்தவராகிறார்.

இதே வகையில் இன்னொன்று. செடூனாவில் கிழக்கு நோக்கிச் செல்லும் வண்டிகளையும், மாநில எல்லையில் மேற்கு நோக்கிச் செல்லும் வண்டிகளையும் பழ ஈக்களுக்காகவும் பிற பீடைகளுக்காகவும் சோதிப்பார்கள். தக்காளி, மிளகாய், தேசிக்காய் முதலியவற்றை அங்கே ஒப்படைக்க வேண்டும். ஆறு தேசிக்காயை அரிசிச் சாக்குக்கு அடியில் ஒளித்துக்கொண்டு போவது கெட்டித்தனம் போலத் தோன்றும். அந்த ஆறில் ஒன்றில் புழு இருந்தால் நட்டப்படுவது நாம் என்றும் காணாத ஒரு தோட்டக்காரர். ஊரில் தோட்டம் செய்த குடும்பங்கள் நம்மிடையே பல. அவர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

அப்பூதியடிகளும் அப்பர் பெருமானும்

முகமறியாதவருக்குச் செய்யும் அறத்துக்கு நமது சைவ மரபில் மிகச் சிறந்த எடுத்துக்காட்டு அப்பூதியடிகள். திங்களூரிலே வாழ்ந்த அவர் திருநாவுக்கரசரைக் கண்டதே இல்லை. ஆயினும் அவர்மீது கொண்ட அன்பினால் தம் பிள்ளைகளுக்கு அவர் பெயரை வைத்தார். வழிப்போக்கருக்கென அமைத்த தண்ணீர்ப்பந்தலுக்கும் அப்பெயரையே வைத்தார். அவ்வழியே வந்த திருநாவுக்கரசர், தம் பெயர் அங்கே எழுதியிருக்கக் கண்டு வியந்து விசாரித்தார் என்று சேக்கிழார் பெருமான் பெரியபுராணத்திற் கூறுகிறார். காணாத ஒருவர் பெயரால், காணப்போகாத பலருக்கு வைத்த தண்ணீர் அது.

அப்பர் பெருமானும் ஒரு பயணியே. தலந்தலமாக நடந்தவர். அவர் திருக்கரத்தில் எப்போதும் இருந்தது உழவாரப்படை. சென்ற திருத்தலங்களிலெல்லாம் புல்லைச் செதுக்கி, வீதியைச் சுத்தம் செய்தார். ஒரு தலத்துக்கு விருந்தினராக வந்தவர், அடுத்து வரும் அடியாருக்காக அதனைத் திருத்தி வைத்துவிட்டுப் போனார். ஆலயத்தில் மாதம் ஒரு முறை உழவாரப்பணி செய்யும் நாம், நெடுஞ்சாலை ஓய்விடத்தையும் அப்படி ஓர் இடமாக எண்ணக்கூடாதா?

வழிப்போக்கரைப் பேணுவது நமது முன்னோருக்கு ஊரின் கடமையாக இருந்தது. பருத்தித்துறையில் வீதியையே மூடி நிற்கும் தெருமூடி மடம், தஞ்சை மராட்டிய மன்னர் சரபோஜி காலத்தில் ஒரத்தநாட்டில் எழுந்த முத்தாம்பாள் சத்திரம், வீடுதோறும் இருந்த திண்ணை எல்லாம் இதற்குச் சான்று. வழியோரச் சுமைதாங்கிக் கற்களையும் மறக்கலாகாது. பிள்ளையைச் சுமந்தபடியே இறந்துபோன பெண்களின் நினைவாக அவற்றை நாட்டும் வழக்கம் இருந்தது. ஒரு குடும்பத்தின் துயரம், எவனோ ஒரு வழிப்போக்கனின் தலைச்சுமையை இறக்கி வைக்க இடமாயிற்று. செல்வச் சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை செல்லும் அடியார்கள் இன்றும் கோயில் வீதிகளிலும் மர நிழலிலும் ஆற்றங்கரையிலும் இரவைக் கழித்துச் செல்கிறார்கள். வழியிலுள்ள ஊரவர்கள் அவர்களுக்குச் சோறு கொடுக்கிறார்கள்.

அந்தப் பெரிய மரபின் வாரிசுகள் நாம். மோட்டார்ஹோமில் ஏறியதும் அதனை வீட்டிலேயே வைத்துவிட்டு வரலாகாது.

மண்ணுக்குரியவர்கள்

இன்னொரு விருந்தோம்புபவரையும் நாம் நினைக்க வேண்டும். எயர் நெடுஞ்சாலை யலாட்டா என்ற ஆதிக்குடிகளின் நிலத்தினூடாகச் செல்கிறது. வடக்கே ஊல்டியா என்ற நீரூற்றை அண்டி வாழ்ந்த அனங்கு மக்கள், 1952இல் அங்கிருந்த மிஷன் மூடப்பட்டபோது யலாட்டாவுக்குக் கொண்டுவரப்பட்டார்கள். அவர்களது பாரம்பரிய நிலமான மரலிங்காவில் 1956, 1957ஆம் ஆண்டுகளில் பிரித்தானியா அணுகுண்டுகளை வெடித்துச் சோதித்தது. 1984இல்தான் ஒரு சட்டத்தின் மூலம் அந்த நிலம் அவர்களிடம் திரும்பியது. இந்தக் கண்டம் ஒருவருக்கும் உரித்தற்ற வெறும் நிலமாக இருந்தது என்ற கொள்கையை நாட்டின் உயர் நீதிமன்றம் 1992இல் மாபோ வழக்கில் நிராகரித்தது.

மரமில்லாத வெளியைப் பார்த்து மனிதரில்லாத வெளி என்று எண்ணிவிடுவது எளிது. “இவ்வளவு இடம் சும்மா கிடக்கிறதே, எங்கே நிறுத்தினால் என்ன?” என்று வாயில் வரும். அந்தச் ‘சும்மா’ என்ற சொல்தான் ஒரு மக்களைத் தம் நீரூற்றிலிருந்து அகற்றியது. பாதையை விட்டு உள்ளே செல்ல அனுமதி கேட்க வேண்டிய இடத்தில் அனுமதி கேட்பது, வீட்டுக்காரரின் வாசலில் நின்று குரல் கொடுப்பதற்குச் சமம்.

இதனை உணர்வதற்கு நமக்கு மற்றவர்களைவிடக் கூடுதலான காரணம் உண்டு. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் வீடு வாசலை விட்டு, மழைக்குள் செம்மணியையும் நாவற்குழியையும் கடந்து தென்மராட்சிக்கு நடந்தார்கள். அன்றிரவும் ஒவ்வொரு குடும்பத்திலும் எழுந்தது இதே கேள்விதான்: இன்றிரவு எங்கே தங்குவது? கோயில் மண்டபங்களும் பாடசாலைகளும் முன்பின் அறியாதவர்களின் விறாந்தைகளும் அவர்களுக்கு இடம் கொடுத்தன. அவர்களுள் சிலரும் அவர்களின் பிள்ளைகளும் இன்று இந்த நாட்டில் வாழ்கிறார்கள். விடுமுறைக்காக இந்தக் கேள்வியைக் கேட்பது ஒரு பாக்கியம். வேறு வழியில்லாமல் இதனைக் கேட்பவர்களும் இதே பாதையில் இருக்கிறார்கள் என்பதை நாம் மறக்கக்கூடாது.

ஓய்விடத்தின் ஒரு மூலையில் பழைய வான் ஒன்று நிற்கும். கண்ணாடியில் துணி கட்டியிருக்கும். வீட்டு வாடகை ஏறியதனால் வாகனத்திலேயே குடியிருப்பவர்கள் இந்த நாட்டிலும் இருக்கிறார்கள். பிள்ளைகளின் கையைப் பிடித்து அப்பால் இழுக்கவும் முடியும், ஒரு வணக்கம் சொல்லவும் முடியும். பருப்புக் கறி மிஞ்சியிருந்தால் ஒரு கிண்ணத்தில் கொண்டுபோய்க் கொடுக்கவும் முடியும்.

நாம் செய்யக்கூடியவை

கருத்தோடு நின்றுவிடாமல், நடைமுறைக்கு உதவும் சிலவற்றையும் குறிப்பிடுகிறேன்.

முதலாவது, தங்கும் இடத்தைக் காலையிலேயே தீர்மானித்து, சூரியன் சாய்வதற்கு ஒரு மணி நேரம் முன் போய்ச் சேருங்கள். அவசரத்தில் தேடுபவருக்கு நல்லது கெட்டது தெரிவதில்லை.

இரண்டாவது, லொறிகளுக்கென்று குறித்த இடத்தில் நிறுத்தாதீர்கள்.

மூன்றாவது, தேசியப் பூங்காவில் இடம் பதிவு செய்துவிட்டுப் போக முடியாவிட்டால் உடனே இரத்துச் செய்துவிடுங்கள். வெறுமையாகக் கிடக்கும் இடத்துக்காக இன்னொரு குடும்பம் திரும்பிப் போயிருக்கும்.

நான்காவது, கழிவுத் தொட்டியை அதற்கென அமைக்கப்பட்ட இடத்தில் மட்டுமே வெறுமையாக்குங்கள். பாத்திரம் கழுவிய எண்ணெய்த் தண்ணீரையும் நிலத்தில் ஊற்றாதீர்கள். 1986இல் தொடங்கிய அவுஸ்திரேலிய மோட்டார்ஹோம் பயணிகளின் சங்கம், தடயம் விடாது செல்வதையே தன் உறுப்பினருக்கு வலியுறுத்துகிறது.

ஐந்தாவது, சிற்றூர் ஒன்றின் இலவச இடத்தில் தங்கினால், அங்குள்ள கடையில் பாணோ பாலோ வாங்குங்கள். அந்த ஊர் நமக்குத் திண்ணை தந்திருக்கிறது.

கடைசியாக ஒன்று. காலையில் எல்லாவற்றையும் ஏற்றி முடித்தபின், வண்டி கிளம்புமுன், பெரியவர் சிறியவர் எல்லோரும் இறங்கித் தங்கிய இடத்தை ஒரு முறை வலம் வாருங்கள். கோயிலை வலம் வருவதுபோல் மெதுவாக வரலாம். கையில் ஒரு பை இருக்கட்டும். நாம் போட்டதை எடுப்போம். மற்றவர் போட்டதும் கண்ணில் பட்டால் அதையும் எடுப்போம். ‘இது நாங்கள் போட்டதில்லையே’ என்று பிள்ளைகள் கேட்பார்கள். இன்றிரவு வரப்போகிறவர்களுக்கு இந்த இடத்தின் வீட்டுக்காரர் நாங்கள்தான் என்று சொல்லுங்கள்.

விடுமுறைக்குப் புறப்படும் அனைவரும் சுகமாகச் சென்று சுகமாகத் திரும்ப எல்லாம் வல்ல இறைவன் அருள் பாலிப்பாராக.